கற்பலகையும் காங்கிரீட்டுப் பலகையும்

வல்லத்திராக்கோட்டையைச் சூழ்ந்த புதுக்கோட்டை வட்டாரத்தின் பழங்கோயில் மண்டபங்களைக் கண்டவர்கள், தூண்கள் நெருங்கி நிற்பதைக் கவனித்திருப்பர். கல் அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசைக்கு எளிதில் பிளக்கும். இரு முனைகளில் தாங்கப்பட்ட பலகையின் அடிப்புறமோ இழுபடும். இடைவெளி இருமடங்கானால், அதே பலகையை அதன் எடையே நான்மடங்கு வளைக்க முனையும். எனவேதான் தூண்தலையில் போதிகை வைத்து இடைவெளியைக் குறுக்கினர் நம் சிற்பிகள்.

தரையில் செய்து மேலேற்றிப் பரப்பும் இம்முறையின் பிற்கால வடிவமே முன்வார்ப்புக் காங்கிரீட்டு. இதில் அடிப்புற இழுவிசையை இரும்பு ஏற்கிறது. ஆனால் அவ்விரும்பு கண்ணுக்குத் தெரியாது. பழைய தளங்களை மதிப்பிடுவதன் சிக்கல் இங்கே தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் இங்கிலாந்தில் பல பள்ளிகள் முன்வார்ப்பு உத்தரங்களால் விரைந்து எழுந்தன. 1973 ஜூனில் லண்டன் கேம்டன் பெண்கள் பள்ளி மண்டபக் கூரை இரவில் வீழ்ந்தது. உத்தர முனைகள் சுவரில் போதிய அளவு பதிந்திராமை முதன்மைக் காரணம். 1974 பிப்ரவரி 8 அன்று ஸ்டெப்னி பள்ளியொன்றின் நீச்சல்குளக் கூரை இடிந்தது. கட்டிப் பத்தாண்டுகூட நிறையவில்லை. விரைவில் இறுகுவதற்காகச் சேர்த்த உயர் அலுமினாச் சிமெண்டு, வெப்பத்திலும் ஈரத்திலும் உள்ளமைப்பு மாறி வலுவிழந்திருந்தது. இரண்டிலும் உயிர்ச்சேதமில்லை என்பது நற்பேறே.

இந்நிகழ்வுகள் உணர்த்துவது ஒன்று: வார்த்த நாளின் வலிமை இன்றைய வலிமையன்று. ஆகவே வரைபடம் கிடைத்தாலும் அதனோடு நிறுத்தலாகாது. முனை எவ்வளவு பதிந்துள்ளது, கம்பி துருவேறியுள்ளதா, நீர்க்கசிவு உண்டா என ஆராய்ந்த பின்னரே கணக்கிட வேண்டும்.

ஐயம் நீடித்தால் சுமைச் சோதனை உண்டு. இந்தியத் தர நிர்ணயம் 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, நிலைச்சுமையுடன் பயன்பாட்டுச் சுமையின் 1.25 மடங்கை 24 மணி நேரம் ஏற்றிவைப்பர். பயன்பாட்டுச் சுமையை இறக்கியபின் 24 மணி நேரத்தில், அதனால் ஏற்பட்ட தொய்வில் 75 விழுக்காடேனும் மீள வேண்டும். மீளாவிடில் சோதனையை ஒருமுறை மீண்டும் செய்யலாம். அப்போது 80 விழுக்காடு மீளாத தளம் ஏற்கத்தக்கதன்று. தேறிய தளமும் அன்றைய நிலைக்கே சான்று பெறுகிறது. துரு அதன்பின்னும் வளரும்.

நம் சிற்றூர்ப் பள்ளிகளிலும் தொகுப்பு வீடுகளிலும் பெயர்ந்த காரையைப் பூசி மறைத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. அதன்மேலேயே ஆயிரம் லிட்டர் தொட்டியையும் வைக்கிறோம். நிரம்பினால் நீர் மட்டுமே ஒரு டன். பூசுமுன் ஒரு பொறியாளரை அழைத்துக் கம்பியைப் பார்க்கச் சொல்வது, அத்தளத்தின்கீழ் அமரும் பிள்ளைகளுக்கு நாம் செய்யவேண்டிய கடமை.