உயிர் பிழைக்கப் போலின்னு சொன்னவர்

1945, ஆம்ஸ்டர்டாம். ஹான் வான் மீகெரன்னு ஒரு ஓவியரைக் கைது பண்றாங்க. நாஜித் தலைவர் கோரிங்கிட்ட வெர்மீர் ஓவியம் ஒண்ணு இருந்தது. அது யார் கை மாறிப் போச்சுன்னு தேடினா, இவர்கிட்ட வந்து நிக்குது. நாட்டோட பொக்கிஷத்தை எதிரிக்கு வித்த குற்றம். மரண தண்டனைகூட வரலாம். சில வாரத்துல வாயைத் திறந்தார்: அது வெர்மீரே இல்ல, தானே வரைஞ்சதுன்னு!

இது மட்டுமில்ல. 1937-ல 'கண்டுபிடிக்கப்பட்ட' வெர்மீர் ஒண்ணு, உயிர்த்த இயேசு சீடர்களோட சாப்பிட உட்கார்ற காட்சி, அதுவும் இவர் வேலைதான். 17-ஆம் நூற்றாண்டுக் கேன்வாஸ். பெயின்ட்ல பேக்கலைட் கலவை (பழைய சுவிட்செல்லாம் அதுலதானே செஞ்சாங்க). அடுப்புல வச்சு சுட்டா, 300 வருஷப் பழசு மாதிரி இறுகிடும்.

எனக்கென்னவோ அதைவிடப் பெரிய வித்தை வேற. வெர்மீர் ஆரம்பத்துல இத்தாலிய பாணியில மத ஓவியங்கள் வரைஞ்சிருக்கணும்னு நிபுணர்கள் நம்பினாங்க. அவங்க தேடினதையே வரைஞ்சு கொடுத்தார். மூத்த நிபுணர் பிரேடியஸ் தலைசிறந்த படைப்புன்னு எழுதினார். ராட்டர்டாம் மியூசியம் வாங்கிடுச்சு.

ஆனா வாக்குமூலத்தை எல்லாரும் நம்பிடல. சாட்சிகள் முன்னாடி இன்னொரு 'வெர்மீர்' வரைஞ்சு காட்ட வேண்டியிருந்தது. 1947-ல மோசடிக்கு ஒரு வருஷம் சிறைன்னு தீர்ப்பு. உள்ள போறதுக்கு முன்னாடியே, டிசம்பர் 30 அன்னிக்கு மாரடைப்புல இறந்துட்டார்.