‘என்று வானொலி கூறியது’

பழைய ஸ்கேன் பக்கங்களை வாசிக்கும் கிறுக்கு எனக்கு உண்டு. அமெரிக்க அரசு பல பத்தாண்டுகள் அச்சிட்டு வந்த ‘டெய்லி ரிப்போர்ட்’ தொகுப்புகள் அவற்றில் ஒன்று. உலகத்து வானொலிகளும் செய்தி நிறுவனங்களும் என்ன சொல்லின என்பதன் ஆங்கில வடிவம். ஒவ்வொரு செய்தியோடும் ஒரு குறியீடு இருக்கும்: இரண்டு எழுத்து, பின்னால் ஆறு எண். ‘பிகே’ என்றால் பாங்காக் அலுவலகம் அனுப்பியது. ‘ஓடபிள்யூ’ ஒகினாவா, ‘என்சி’ நிகோசியா, ‘பிஏ’ பனாமா. எண்கள் தேதியும் நேரமும். கூடவே எந்த ஊர் வானொலி, எந்த மொழி, எத்தனை மணி ஒலிபரப்பு என்று ஒரு வரி.

சர்வர் லாக்குகளோடு குடித்தனம் நடத்துகிற எனக்கு இதைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்? எங்கிருந்து, எப்போது, யார் சொன்னது. அச்சு அசல் லாக்தான்.

இதைத் தயாரித்த அமைப்பு எஃப்பிஐஎஸ், அதாவது வெளிநாட்டு ஒலிபரப்புத் தகவல் சேவை. 1941 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் ஒதுக்கிய 1,50,000 டாலரில் வேறொரு பெயரில் தொடங்கியது. அந்த வருடம் அக்டோபரில் ஜப்பானிய ஒலிபரப்புகளைக் கேட்க ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லாந்தில் ஒரு நிலையம் வைத்தார்கள். டிசம்பர் 6 அன்று எழுதிய ஆய்வறிக்கையில், டோக்கியோ வானொலியின் தொனி இன்னும் கடுமையாகிவிட்டது, முந்தைய நெருக்கடிகளில் வந்த சமாதானப் பேச்சு இம்முறை இல்லை என்று குறித்தார்கள். மறுநாள் பேர்ல் ஹார்பர். குண்டு எங்கே விழும் என்று அறிக்கை சொல்லவில்லை. வானொலி கேட்டு அதைச் சொல்லவும் முடியாது. ஆனால் வழக்கம் மாறியிருக்கிறது என்பது பிடிபட்டிருந்தது.

போருக்குப் பின் இது சிஐஏவின் கைக்குப் போனது. ஆனாலும் டெய்லி ரிப்போர்ட் பூட்டி வைக்கப்படவில்லை, பல்கலைக்கழக நூலகங்களுக்கு வந்தது. பிரிட்டனில் இதே வேலையை பிபிசி மானிட்டரிங் செய்தது. இரண்டு அமைப்புகளும் உலகத்தைப் பங்கு போட்டுக்கொண்டு, கேட்டதைப் பரிமாறிக்கொண்டன.

வாஷிங்டனில் உட்கார்ந்தே கேட்டால் என்ன? அலைகள் விடாது. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் தாண்டும். ஆனால் ஓர் அரசு தன் மக்களுக்காக நடத்தும் உள்நாட்டு ஒலிபரப்பு பெரும்பாலும் அவ்வளவு தூரம் போவதற்கென்று செய்யப்பட்டதல்ல. வெளியாருக்குச் சொல்வதைவிட வீட்டுக்குள் சொல்வதுதான் முக்கியம் என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் போய்த்தான் காது வைக்க வேண்டும். அதனால்தான் சைப்ரஸ், அதனால்தான் பாங்காக்.

அப்படிப்பட்ட அலுவலகத்தின் அன்றாடத்தில் துப்பறியும் கதையின் சாயல்கூட இல்லை. மேலே ஓர் அமெரிக்கத் தலைவர், சில எடிட்டர்கள். காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் உள்ளூரில் வேலைக்கு எடுக்கப்பட்ட, அந்தந்த மொழியிலேயே வளர்ந்தவர்கள். எந்த நிலையத்தை எத்தனை மணிக்கு யார் கேட்பது என்று ஓர் அட்டவணை. ஒலிபரப்பு டேப்பில் ஏறும்போதே சாரத்தைக் குறித்துக்கொள்வார்கள். முழுதாக மொழிபெயர்ப்பதா, பகுதி போதுமா, சுருக்கமா, விட்டுவிடலாமா என்று எடிட்டர் முடிவெடுப்பார். பிறகு டெலிபிரிண்டர். மறுநாள் அதே நேரம், அதே நிலையம், அநேகமாக அதே செய்தி.

வேகமும் வேண்டியிருந்தது. 1962 அக்டோபர் 28 அன்று, கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்பப் பெறும் குருஷேவின் கடிதம் மாஸ்கோ வானொலியில் வாசிக்கப்பட்டது. தூதரக வழியில் செய்தி போய்ச்சேர மணிக்கணக்காகிக்கொண்டிருந்த நெருக்கடி அது. வானொலியைக் கேட்டு எழுதியதுதான் வெள்ளை மாளிகைக்கு முதலில் கிடைத்தது.

ஆனால் அப்படிப்பட்ட நாள் வருடக்கணக்கில் ஒன்றுதான் வரும். மீதி நாளெல்லாம் அறுவடைச் செய்தியும் வாழ்த்துத் தந்தியும்தான். எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் ஒன்று சொல்வோம்: “அலர்ட் அடிக்கிறது பெரிய விஷயமில்லப்பா, சாதாரண நாள் எப்படி இருக்கும்னு முதல்ல மனசுல ஏத்திக்கோ.” ஆயிரம் சாதாரண நாளைக் கேட்டவருக்குத்தான் ஆயிரத்தோராவது நாளின் பிசகு காதில் விழும். பின்னாளில் கலை வரலாற்று ஆசிரியராகப் புகழ்பெற்ற கோம்பிரிச், போர்க்காலத்தில் பிபிசியில் ஜெர்மன் ஒலிபரப்புகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். 1945 மே 1 அன்று முக்கிய அறிவிப்பு வருகிறது என்று சொல்லிவிட்டு ஜெர்மன் வானொலி புரூக்னரின் ஏழாவது சிம்பனியை ஒலிபரப்பியது. வாக்னரின் மரணத்தோடு பிணைந்த இசை அது என்று அவருக்குத் தெரியும். ஹிட்லர் செத்திருக்க வேண்டும் என்று அறிவிப்புக்கு முன்பே ஊகித்துவிட்டார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதவை பாங்காக் தாள்கள்தான்.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் படைகள் புனோம் பென்னுக்குள் நுழைந்தன. நகரம் காலி செய்யப்பட்டது, நாடு மூடப்பட்டது. தபால் இல்லை, தொலைபேசி இல்லை, நிருபர்கள் இல்லை. வெளியே வந்துகொண்டிருந்தவை இரண்டுதான்: தாய்லாந்து எல்லையைத் தாண்டிய அகதிகள், புனோம் பென் வானொலி. பாங்காக்கில் அந்த வானொலியைக் கேட்டு எழுதினார்கள். அணை கட்டினோம், கால்வாய் வெட்டினோம், நடவு முடிந்தது, ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் இலக்கு. பக்கம் பக்கமாக இதுதான். அந்தக் கால்வாய்களை வெட்டியவர்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தார்கள். 1979 ஜனவரியில் ஆட்சி விழுவதற்குள் பதினைந்து முதல் இருபது லட்சம் பேர்.

1976 ஏப்ரலில் புதிய அமைச்சரவையை வானொலி அறிவித்தது. பிரதமர் போல் போட். யார் இவர்? ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் பிரதிநிதி என்றது அரசு. சலோத் சார் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியர்தான் இவர் என்பது, 1977 இறுதியில் அவர் பீஜிங் போய் முகம் காட்டிய பிறகே வெளியுலகுக்கு உறுதியானது. அதுவரை உலகத்தின் கையில் இருந்தது கேட்டு எழுதிய ஒரு பெயர் மட்டும்.

பொய் என்று சந்தேகம் இருந்தாலும் அதை வரி மாறாமல் எழுத வேண்டும். தெளிவில்லாத சொல்லைத் தெளிவில்லை என்றே குறிக்க வேண்டும், விட்டதை விட்டோம் என்று சொல்ல வேண்டும். தமிழில் நமக்கு ‘ஆம்’ என்று ஒரு விகுதி இருக்கிறது. “விளைச்சல் அமோகமாம்” என்றால், சொன்னது நானில்லை, அடுத்தவன் என்று விலகிக்கொள்ளலாம், கூடவே கொஞ்சம் நக்கலும் செய்துகொள்ளலாம். அந்தத் தாள்களின் தலைப்பு வரி நக்கல் இல்லாத ‘ஆம்’. இன்ன வானொலி, இன்ன மணிக்கு, இப்படிக் கூறியது. நம்பவும் சொல்லவில்லை, நம்பாதே என்றும் சொல்லவில்லை.

இதைப் புனிதமாக்க எனக்கு விருப்பமில்லை. கேட்டது உளவு நிறுவனத்தின் காது. 1973 ஆகஸ்ட் வரை கம்போடியாவில் குண்டு போட்டவை அதே அரசின் விமானங்கள். வரி மாறாமல் எழுதியதால் ஓர் உயிர்கூடப் பிழைக்கவில்லை என்றும் ஒருவர் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பத்தாண்டுகள் கம்போடியாவில் வாழ்ந்து கெமர் மொழி கற்ற பிரெஞ்சுப் பாதிரியார் பொன்ஷோவை நினைத்துக்கொள்கிறேன். வானொலி சொன்னதையும் அகதிகள் சொன்னதையும் அருகருகே வைத்து, 1977இலேயே நடப்பது என்ன என்று ஒரு புத்தகம் எழுதினார் அவர். பொய்யைத் துல்லியமாகப் பதிந்தால்தான் அதன் பக்கத்தில் உண்மையை வைத்துப் பார்க்க முடியும். வெட்டி ஒட்டி எழுதிய பொய்யை எதனோடு ஒப்பிடுவது?

2005இல் எஃப்பிஐஎஸ் வேறு பெயர் எடுத்தது. அதன் மொழிபெயர்ப்புகள் பொதுமக்களுக்குக் கிடைத்த இணையச் சேவை 2013 கடைசி நாளோடு மூடப்பட்டது. பிபிசியின் கேட்பாளர்கள் 75 வருடம் இருந்த கேவர்ஷாம் மாளிகையை 2018இல் காலி செய்தார்கள். இப்போது ஒலியை எழுத்தாக்க மென்பொருள் இருக்கிறது. நானும் அந்தத் தொழில்காரன்தான், குறை சொல்லப்போவதில்லை. இன்று என் போனுக்கு வரும் ஃபார்வர்டுகளில் குரல் இருக்கிறது, படம் இருக்கிறது. தலைப்பு வரி மட்டும் இல்லை.

டெய்லி ரிப்போர்ட்டில் மொழிபெயர்த்தவர் பெயர் இருக்காது. பாங்காக்கில் கெமர் கேட்டவர் யாரென்று அந்தத் தாளில் தேடிப் பயனில்லை. அவருடைய சொந்தக்காரர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தார்களோ என்னவோ. பிகே, தேதி, நேரம், புனோம் பென் வானொலி, கெமர் மொழியில். நடவு முடிந்தது என்று அது சொன்னது. அவர் அப்படியே எழுதினார்.