எரித்துப் பார்த்தால் தெரியும்

பட்டா, கலப்பா என்று சந்தேகம் வந்தால் நெசவு தெரிந்தவர்கள் ரொம்ப யோசிப்பதில்லை. ஓரத்திலிருந்து ரெண்டு இழையை உருவுவார்கள், தீக்குச்சியைக் கிழிப்பார்கள். முடி கருகும் வாசனை வந்து, நசுக்கினால் பொடியாகிற சாம்பல் மிஞ்சினால் அது பட்டு. உருகி, கறுத்து, கெட்டி மணியாகச் சுருண்டுகொண்டால் பாலியஸ்டர். ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு மாதிரி தறிச்சத்தம் கேட்கும் ஊர்களில் இதைத் தெரிந்துகொள்ள யாரும் வேதியியல் படிக்க வேண்டியதில்லை. எரிகிற பொருள் எதுவோ, அதைப் பொறுத்துத்தான் புகை. இது அவர்களுக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்.

போகிப் புகையின் வரலாற்றையும் அந்த ரெண்டு இழையிலிருந்தே தொடங்கலாம்.

பட்டு என்பது புழு உமிழ்ந்த புரதம். அதனால்தான் நம் தலைமுடி மாதிரியே கருகுகிறது. நைலான் 1935இல் அமெரிக்காவில் பிறந்தது. பாலியஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் உருவாக்கினார்கள். இரண்டும் நம் வீட்டுக் கொடிக்கயிற்றுக்கு வந்து சேர இன்னும் பல வருஷங்கள் ஆயின. அதற்கு முந்தைய ஒரு வீட்டைக் கற்பனை செய்துபாருங்கள். கோரைப்பாய், ஓலைக்கூடை, மூங்கில் முறம், தேய்ந்த விளக்குமாறு, கிழிந்த பருத்தி வேட்டி. போகியன்று விடிகாலையில் தெருவில் எரிந்தது இவ்வளவுதான். அந்தப் புகையும் நல்ல புகை என்று சொல்ல முடியாது. ஓலைப்புகையும் விறகுப்புகையும் நுரையீரலைக் கெடுக்கத்தான் செய்யும். ஆனால் வருஷத்துக்கு ஒருநாள், கொஞ்ச நேரம், மண்ணிலிருந்து வந்த பொருள்.

இப்போது அதே நெருப்பில் பிளாஸ்டிக் பாய், ரெக்சின் பை, ஒயர், டயர். பி.வி.சி.யில் குளோரின் இருக்கிறது. திறந்தவெளியில் அரைகுறையாக எரியும்போது டையாக்சின் என்கிற நஞ்சு உருவாகலாம். ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். டயரைக் கொளுத்தினால் அந்தக் கந்தகம் மூச்சைத் திணறவைக்கும் வாயுவாக வெளியே வருகிறது. சடங்கு அப்படியே இருக்கிறது. அதில் எரியும் சாமான்தான் மாறிவிட்டது. அதை நாம் கவனிக்கவில்லை.

போகி வந்தால் எல்லோர் வாயிலும் ஒரு நன்னூல் சூத்திரம் வரும், பழையது கழிவதைப் பற்றி. நன்னூல் ஓர் இலக்கண நூல். அந்தச் சூத்திரம் மொழியில் பழைய வழக்குகள் மறைந்து புதியவை வருவதைப் பேசுகிறது. எரிப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை.

காலமும் சேர்ந்து சதி செய்கிறது. மார்கழிக் கடைசியில், விடியலில் தரை குளிர்ந்து கிடக்கும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும், மேலே இருக்கும் சூடான காற்று அதன்மேல் மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். புகைக்குப் போக வழியில்லை. 2018 போகியன்று சென்னையில் பனியும் புகையும் கலந்து விமானங்கள் தாமதமானது இப்படித்தான்.

இதே மூடி 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டன்மேல் கவிழ்ந்தது. அங்கே ஆலைகள், மின்நிலையங்கள் மட்டும் புகை விடவில்லை. குளிருக்காக வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது. சுமார் 4,000 பேர் இறந்தார்கள் என்று அப்போது கணக்கிட்டார்கள். பிந்தைய ஆய்வுகள் அதைப்போல மூன்று மடங்கு வரை சொல்கின்றன. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. புகையற்ற பகுதிகளை அறிவித்த அந்தச் சட்டம், வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பகுதியைத் தருவதற்கும் வழிசெய்தது. ‘எரிக்காதே’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை. எரிக்காமல் வாழ வழியும் கொடுத்தது.

நம்மிடம் ‘எரிக்காதே’ இருக்கிறது. 2016 திடக்கழிவு விதிகள் பொது இடத்தில் குப்பை எரிப்பதைத் தடை செய்தன. அதே டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 5,000 ரூபாய் அபராதம் என்றது. ஆனாலும் தினமும் காலையில், வாசலைப் பெருக்கிக் குவித்த சருகோடு பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் சேர்ந்து எரிகின்றன. போகி வருஷத்துக்கு ஒருநாள், இதற்கு லீவே கிடையாது. எரிப்பவரைத் திட்டுவது சுலபம். குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருவில் அவருக்குத் தெரிந்த ஒரே வண்டி நெருப்புதான். அதனால் வண்டியை ஊராட்சியிடம் கேட்டு வாங்குவதும் காற்றுக்காகச் செய்கிற வேலைதான். வண்டி வருகிற ஊரில், தூய்மைக் காவலர் கையில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பது நம் பங்கு. கலந்து கொடுத்தால் அது கடைசியில் ஏதோ ஒரு மூலையில் எரியும், புகையை முதலில் குடிப்பவரும் அவராகத்தான் இருப்பார்.

அந்தப் புகையில் கண்ணுக்குத் தெரிவதைவிடத் தெரியாததுதான் ஆபத்து. பி.எம். 2.5 என்கிறார்களே, அது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள். பட்டுப்புழு உமிழும் ஒற்றை இழையின் தடிமன் சுமார் 10 மைக்ரான். அந்த இழையில் நாலில் ஒரு பங்கு, அல்லது அதைவிடச் சின்னது. மூக்கும் தொண்டையும் அதைத் தடுத்து நிறுத்துவதில்லை. நுரையீரலின் கடைசி அறை வரை போகிறது.

எனவே அடுத்த போகிக்கு, ஏன், நாளைக் காலைக்கே, தறிக்காரர் சோதனையை மனசுக்குள் செய்துபார்க்கலாம். கையில் இருப்பது பொடியாகிற ஜாதியா, உருகுகிற ஜாதியா? பொடியாகிற சருகும் ஓலையும் கோரையும் கொல்லையில் ஒரு குழிக்குப் போகட்டும், மழைக்குள் உரமாகிவிடும். உருகுகிற குடமும் வாளியும் ஒயரும் காயலான் கடைக்குப் போகட்டும், நாலு காசு கிடைக்கும். டயர் வாங்கின கடைக்கே திரும்பட்டும். உடுத்தக்கூடிய துணி, உடுத்துகிற ஆளைத் தேடிப் போகட்டும்.

பழையது கழிந்துவிடும். தீக்குச்சி அடுப்பு மேடையிலேயே இருக்கலாம்.