ரத்தினம் என முடியும் மூன்று பெயர்கள்

சிங்கப்பூரின் அண்மைக்கால வரலாற்றைக் கற்கும் மாணவர், ராஜரத்தினம், சண்முகரத்தினம், ஜெயரத்தினம் என்னும் மூன்று பெயர்களை அடிக்கடி எதிர்கொள்வர். மூன்றும் 'ரத்தினம்' என முடிதலின், இவர்கள் ஒரே குடும்பத்தினரோ என ஐயுறுதல் இயல்பே. பெயரின் இறுதிச் சொல்லைக் குடும்பப் பெயராகக் கொள்ளும் ஆங்கில வழக்கு இவ்வையத்தை மேலும் வலுப்படுத்துகிறது. ஆயின், இம்மூன்றும் பெயரின் இறுதியில் நின்றாலும், நிற்கும் முறை வேறு வேறாகும்.

தமிழரிடையே பரம்பரைக் குடும்பப் பெயர் பெருவழக்கன்று. தந்தை பெயரோடு சேர்த்துத் தன் பெயரைக் கூறுதலே நம் மரபு. சங்கப் புலவர் நக்கீரர், 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' எனக் குறிக்கப்பெற்றமை இதற்குச் சான்றாகும். சிங்கப்பூர்த் தமிழர் பலரின் அடையாள அட்டையில் 'இன்னாரின் மகன்', 'இன்னாரின் மகள்' எனப் பொருள்படும் ஆங்கிலக் குறிப்பு இடம்பெறுவதும் அம்மரபின் தொடர்ச்சியே.

இம்மூன்று பெயர்களுக்கு உரியோரும் இலங்கைத் தமிழர் வழியினர். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தார் பலர் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிய மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தனர். அவர்களுடன் இத்தகைய பெயர்களும் கடல் கடந்தன.

சி. ராஜரத்தினம் 1915ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, மலாயாவில் வளர்ந்தவர். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சராக 1965 முதல் 1980 வரை விளங்கினார். சின்னத்தம்பி என்பது அவர்தம் தந்தையின் பெயர். ராஜரத்தினம் என்பது அவர்க்கே உரிய இயற்பெயர்.

சண்முகரத்தினம் என்பதோ முதலில் ஒரு தந்தையின் பெயர். கனகரத்தினத்தின் மகனான பேராசிரியர் க. சண்முகரத்தினம் நோய்க்குறியியல் அறிஞர். 1968இல் பதிவுகளைத் தொடங்கிய சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை நிறுவியவர். அவர் மகன் தர்மன், 2023ஆம் ஆண்டுத் தேர்தலில் 70.4 விழுக்காட்டு வாக்குகள் பெற்று அதிபரானார். அவரை மக்கள் 'அதிபர் தர்மன்' என்றே அழைக்கின்றனர். மகனின் பெயர் தர்மன், தந்தையின் பெயர் சண்முகரத்தினம் என்பதை அவ்வழக்கே உணர்த்துகிறது.

ஜெயரத்தினம் என்னும் பெயர் இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. கிறித்தவரான ஜோ. பெ. ஜெயரத்தினம் வழக்கறிஞர். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, விடுதலைக்குப் பின் தேர்தல்வழி நாடாளுமன்றம் புகுந்த முதல் எதிர்க்கட்சி உறுப்பினரானார். அவர் மக்கள் கென்னத், பிலிப் ஆகிய இருவரும் அதே பெயரையே தம் பெயரின் இறுதியில் தாங்குகின்றனர். பொருளியல் அறிஞரான கென்னத் அரசியலில் ஈடுபட்டார். ஆங்கில நாவலாசிரியரான பிலிப் நீதிபதியானார். இங்கு அது மெய்யாகவே குடும்பப் பெயராயிற்று.

ஆகவே, இயற்பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என மூவகை நிலைகள் ஒரே ஈற்றினுள் மறைந்துள்ளன. ஈறு ஒன்றாயிருத்தலால் இவர்களை ஓரினமாக்குதல் பிழையாம். கருத்தாலும் இவர்கள் ஒருவழிப்பட்டவரல்லர். ராஜரத்தினம் ஆளுங்கட்சியை நிறுவியோருள் ஒருவர். ஜெயரத்தினமோ அக்கட்சியை எதிர்த்து நின்றவர்.

ராஜரத்தினத்திற்குப் பிள்ளைகள் இல்லை. எனினும், இனம், மொழி, சமயம் கடந்து ஒன்றுபட உறுதி கூறும் தேசியப் பற்றுறுதியை 1966இல் வரைந்தவர் அவரே. அதனைச் சிங்கப்பூர்ப் பள்ளி மாணவர் இன்றும் ஓதி வருகின்றனர்.