பேருந்து எங்கே நிற்கும்?

பழவேற்காட்டில் காலை வேளையில் பேருந்து ஏறும் இடத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். இறாலும் நண்டும் கூடையில் இருக்கின்றன, பொன்னேரிக்குப் போக வேண்டும். பேருந்து வந்து நிற்கிறது. ஆனால் கூடைக்காரப் பெண்கள் உடனே ஏறுவதில்லை. முதலில் நடத்துநரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் பேசாமலிருந்தால் ஏறுவார்கள். முகம் சுளித்தால் ஷேர் ஆட்டோவுக்குக் காசை எண்ணுவார்கள்.

ஏரிக்கரைக் காலனிகளில் வேலையைத் தொடங்கியபோது சாதிச் சான்றிதழ், பட்டா, உதவித்தொகை என்றுதான் மனுக்கள் வரும் என்று நினைத்தோம். அவையும் வந்தன. அவற்றோடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தது பஸ் பற்றிய மனு. பஸ் ஊரில் நிற்கிறது, காலனியில் நிற்பதில்லை. பிள்ளைகள் இருட்டில் நடக்கிறார்கள். இதைப் போக்குவரத்துப் பிரச்சினை என்று மட்டும் கோப்பில் எழுதிவிட முடியாது. இதற்கு நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

பொதுச் சாலையில் நடப்பதற்கே நம் மக்களுக்கு ஒரு தீர்மானம் தேவைப்பட்டது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அதைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்று அரசாணை வந்தது. சாலை கிடைத்த பிறகு அதில் ஓடிய மோட்டார் பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்த தனியார் பஸ்கள் பல. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். உரிமத்தில் கை வைத்த பிறகுதான் பஸ்காரர்களுக்குச் சட்டம் புரிந்தது.

அதோடு முடிந்ததா? 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. ஒரு பள்ளர் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். பஸ்கள் உடைந்தன, உயிர்கள் போயின. அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. சென்னையில் ‘பல்லவன்’ மறைந்து ‘மாநகர்’ வந்தது இப்படித்தான். தினமும் அந்தப் பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

2021 டிசம்பரில் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய முதிய பெண்ணை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் எழுப்பிய குரல் காணொளியாகப் பரவியது, முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த அதே ஆண்டு அது. டிக்கெட்டுக்குக் காசு வேண்டாம், ஆனால் வாடை வரக் கூடாது! அதே 2021இல் கேரள அரசு திருவனந்தபுரத்தில் மீன் விற்கும் பெண்களுக்கென்றே ‘சமுத்ரா’ என்ற பேருந்துகளை விட்டது. கூடை வைக்க அதில் இடம் உண்டு. மனம் இருந்தால் முடிகிற காரியம்தான்.

பக்கத்தில் குடியிருப்பவர்களின் கவலை என்றால் யாருடைய கவலை என்று கேட்கவேண்டும். டெல்லியில் 2008இல் பஸ்ஸுக்கெனத் தனிப்பாதை போட்டார்கள். அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கி.மீ. தெற்கு டெல்லியின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகளிலிருந்து வேலைக்குப் போகிறவர்களுக்கு அது உதவியது. கார்க்காரர்களுக்கு நெரிசல். அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2012இல் வழக்கு தள்ளுபடியானது. ஆனாலும் 2016இல் பாதை பெயர்க்கப்பட்டது. பஸ்ஸில் போனவர்களின் கவலை அங்கே எடுபடவே இல்லை.

இப்போது நம் கரைக்கு வருவோம். எண்ணூர் துறைமுகப் பக்கத்திலிருந்து தச்சூர் வழியாகப் பூஞ்சேரி வரை சுமார் 133 கி.மீ. நீளத்தில் சென்னை எல்லைச் சாலை திட்டமிடப்பட்டு, பகுதி பகுதியாக வருகிறது. 2018இல் அதானி குழுமத்தின் கைக்குப் போன காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டமும் கூடவே நிற்கிறது. 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. குப்பங்கள் அதை எதிர்க்கின்றன, நாங்களும் எதிர்க்கிறோம்.

ஆனால் எதிர்ப்பவர்களுக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடமாட்டோம். ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைப் பட்டினவர் குப்பங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. பேராசையைத் தடுக்கும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் புகழ்வார்கள். அந்த முறைக்குள் தலித்துகளுக்குப் பங்கில்லை. ஆழமில்லாத ஓரங்களில் பிடிக்கிறார்கள். இருளர்கள் சேற்றில் கை துழாவி இறால் பிடித்து, பறியில் போடுகிறார்கள். பாதிக்கப்படும் மீனவர்களைக் கணக்கெடுக்கும்போது படகையும் பாட்டையும் எண்ணினால், வெறுங்கையோடு ஏரியில் இறங்குகிறவர்கள் எந்தப் பட்டியலிலும் வர மாட்டார்கள். பட்டியலில் இல்லாதவருக்கு இழப்பீடும் இல்லை, நிறுத்தமும் இல்லை.

ஆறு வழிச் சாலையில் கன்டெய்னர் லாரி எங்கே திரும்பும் என்பதற்கு வரைபடம் இருக்கிறது. தலையில் கூடையோடு ஒரு பெண் அதை எங்கே கடப்பாள், எந்த இடத்தில் பஸ்ஸுக்கு நிற்பாள்?

போன மாதம் ஒரு காலனியில் உட்கார்ந்து இதைத்தான் மனுவாக எழுதினோம். சாலையைக் கடக்க வழி வேண்டும், நிறுத்தம் காலனி முனையில் வேண்டும், கணக்கெடுப்பில் கையால் பிடிக்கிறவர்களும் வரவேண்டும். எழுதி முடித்துப் படித்துக் காட்டியபோது பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அக்கா கேட்டார்: “கூடைய ஏத்தணும்னு எழுதினியா தம்பி?”

எழுதவில்லை. கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே சேர்த்தோம்.