இறக்கும் செல்லின் வெளியேற்றம்

திட்டமிட்ட செல் இறப்பின்போது, சாகப்போகும் செல் அண்டைச் செல்களோடு கொண்ட பிணைப்பை விட்டுத் திசுவிலிருந்து நீங்கும் நிகழ்வு இது. குடலின் உட்பரப்புச் செல்கள் சில நாள்களிலேயே உதிர்ந்து புதியவற்றுக்கு இடம் விடுகின்றன. இத்தனை உதிர்ந்தும் அந்தப் படலத்தில் ஓட்டை விழுவதில்லை.

செல்கள் இயல்பாகவே மடிவதைக் கார்ல் வோக்ட் 1842இல் தவளையினத்தின் தலைப்பிரட்டைகளில் கண்டார். எனினும் ஜான் கெர், ஆண்ட்ரூ வில்லி, அலஸ்டர் கர்ரி ஆகியோர் 1972இல் ‘அப்போப்டோசிஸ்’ என்று பெயர் சூட்டிக் கட்டுரை வெளியிட்ட பிறகே இது தனித் துறையாகத் தலையெடுத்தது. செல் சுருங்குகிறது, அக்கம்பக்கத்திலிருந்து விலகுகிறது, துண்டுகளாகிறது, அத்துண்டுகளை மற்ற செல்கள் விழுங்கிவிடுகின்றன என்பது அவர்கள் தந்த சித்திரம். விலகுவது எப்படி என்பது அப்போது தெரியவில்லை.

முதலில் சிக்கியவை வெட்டும் நொதிகள். செல்களை ஒன்றோடொன்று பிணைப்பது ஈ-கேதெரின் புரதம். அதைச் செல்லின் உட்கூட்டோடு இணைப்பதில் பீட்டா-கேட்டனினுக்குப் பங்குண்டு. இறக்கும் செல்லில் காஸ்பேஸ் நொதிகள் பீட்டா-கேட்டனினை நறுக்குவது 1997இல் தெரியவந்தது. 2001இல் ஈ-கேதெரினும் தப்பவில்லை என்று தெரிந்தது: உட்பக்கத்தில் காஸ்பேஸ்-3, வெளிப்பக்கத்தில் மெட்டலோபுரோட்டியேஸ் என இருமுனை வெட்டு.

இதற்கு நேர்மாறான வரிசையும் உண்டு. இத்தகைய படலத்திலுள்ள எபிதீலியச் செல்லை அதன் அடித்தளத்திலிருந்து பிரித்தாலே அது செத்துவிடும் என்று ஸ்டீவன் ஃபிரிஷும் எச். பிரான்சிஸும் 1994இல் காட்டினர்.

ஆனால் வெட்டுவது மட்டுமே கதையென்றால் படலத்தில் இடைவெளி விழுந்திருக்க வேண்டுமே! 2001இல் ஜோடி ரோசன்பிளாட், மார்ட்டின் ராஃப், லூயிஸ் கிரேமர் ஆகியோர் எம்.டி.சி.கே. செல்களில் இதற்கு விடை கண்டனர். இவை 1958இல் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கப்பட்ட செல்வரிசை. ஃபிரிஷின் ஆய்விலும் இவையே பயன்பட்டன. சாகப்போகும் செல் முன்கூட்டியே சமிக்ஞை விடுகிறது. உடனே சுற்றியுள்ள செல்களில் ஆக்டினும் மயோசினும் வளையமாகத் திரண்டு, சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தாற்போல் இறுகி, அதை மேலே பிதுக்கித் தள்ளுகின்றன. அதே இறுக்கத்தில் கீழேயுள்ள இடமும் மூடிக்கொள்கிறது. சுருங்கும் ஆற்றலைத் தடுத்தபோது செல் செத்தது, வெளியேறவில்லை. ஆக, இதில் பாதி வேலை அண்டைச் செல்களுடையது.

அந்தச் சமிக்ஞை ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்னும் கொழுப்பு மூலக்கூறு என்பது 2011இல் புலனானது. நெரிசல் மிகுந்தால் உயிருள்ள செல்களும் இவ்விதம் தள்ளப்படுவதை 2012ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. 2014இல் வெளிவந்தது புற்றுநோய் தொடர்பான கண்டுபிடிப்பு: கே-ராஸ் மரபணு பிறழ்ந்த செல்கள் இந்தச் சமிக்ஞையைத் தாமே சிதைத்துவிடுகின்றன. அதனால் அவை மேற்புறமாக உதிராமல், அடிப்புறமாகத் திசுவுக்குள் இறங்குகின்றன.