மாறா ஐஆர்க்யூ சிப்
மாறா ஐஆர்க்யூ சிப் என்பது, லினக்ஸ் கெர்னலில் குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியை இயக்கும் செயற்கூறுகளின் சுட்டிகளைக் கொண்டதும், டிரைவர் அறிவித்தபின் பொது நிரலால் மாற்றப்படாததுமான தரவுக் கட்டமைப்பு.

குறுக்கீட்டுக்குப் பயன்படும் ஜிபிஐஓ (பொதுப் பயன்பாட்டு உள்ளீட்டு-வெளியீட்டு) முனை வெளியீடாக மாற்றப்படக் கூடாது. இதைக் கண்காணிக்க, ஜிபிஐஓ டிரைவர்களின் பொது அடுக்கான ஜிபிஐஓலிப், டிரைவரின் கட்டமைப்பிலிருந்த சுட்டிகளை இயக்க நேரத்தில் அகற்றித் தன் செயற்கூறுகளைப் பொருத்தியது; மூலச் சுட்டிகளைத் தன்னிடம் வைத்து, அவற்றின் வழியே டிரைவரை அழைத்தது. டிரைவர் எழுதுபவரின் வேலை இதனால் குறைந்தது. ஆனால் ஒரே கட்டமைப்பைப் பல சில்லுகள் பகிரும்போது, ஏற்கெனவே மாற்றப்பட்ட சுட்டியே மூலமெனக் கொள்ளப்படும் அபாயம் எழுந்தது. கட்டமைப்பை மாறிலியாக அறிவித்து, எழுத முடியாத நினைவகத்தில் வைக்கவும் இயலவில்லை. செயற்கூற்றுச் சுட்டிகள் தாக்குதலுக்கு எளிய இலக்கு என்பதால் இக்குறை பாதுகாப்பு நோக்கிலும் கடுமையானது.

2022இல் வெளியான லினக்ஸ் 5.19, மாறாமையை அறிவிக்கும் கொடியைச் சேர்த்தது. கொடியுள்ள கட்டமைப்பை ஜிபிஐஓலிப் தொடுவதில்லை; முனையின் நிலையை டிரைவரே, குறுக்கீட்டை மறைக்கும், திறக்கும் தன் செயற்கூறுகளிலிருந்து பொது உதவிச் செயற்கூறுகளை அழைத்துத் தெரிவிக்கிறது. கொடியற்ற பழைய டிரைவர்கள் முன்போலவே இயங்கின; அவற்றைத் திருத்தக் கோரும் எச்சரிக்கை மட்டும் கெர்னல் பதிவேட்டில் இடம்பெற்றது.